குடும்ப நாடகம் திரைப்படமாகும்போது என்ன மாறுகிறது?

இராமநாதபுரம் கடற்கரையில், தெற்கே சாயல்குடியிலிருந்து வடக்கே தொண்டி வரை எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், திருவிழா இரவில் ஒரு நாடகம் இருப்பது வழக்கம். பெரும்பாலும் அது ஸ்பெஷல் நாடகமாக இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாடங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகை ஏதும் இன்றி மேடையில்தான் ஒருவரையொருவர் எதிர்கொள்வார்கள். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ விடியும்வரை நடக்கும். இன்னொரு வகை நாடகமும் உண்டு. ஊர்ப் பையன்களே நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, இரண்டரை மணி நேரத்தில் நடத்தி முடிக்கும் சமூக நாடகம் அது. அதில் அரசர் இல்லை, முருகப்பெருமான் இல்லை. ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மருமகள், ஒரு வீடு. குடும்ப நாடகம் என்று நாம் சொல்வது இதைத்தான். சென்னைச் சபாக்களில் நடந்த நாடகங்களில் பெரும்பகுதியும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

அத்தகைய நாடகம் திரைப்படமாக மாறும்போது எவை மாறுகின்றன, ஏன் மாறுகின்றன என்பதை, திரைக்கலையில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். "வசனம் தயாராக இருக்கிறது, நடிகர்களுக்குப் பாடமும் ஆகிவிட்டது, எதிரே ஒரு கேமராவை வைத்தால் படம்தானே?" என்று எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். கைப்பேசியிலேயே படம் எடுக்க முடிகிற காலத்தில் அது நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி எடுத்துப் பார்த்தவர்கள், மேடையில் கண்கலங்க வைத்த அதே காட்சி திரையில் சலிப்பூட்டுவதைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். அந்தத் திகைப்புக்கான காரணத்தை நான் பேசும் பாத்திரங்களிடம் நெடுநாள் தேடினேன். பேசாமல் நிற்கும் பாத்திரங்களிடம்தான் அது கிடைத்தது.

மேடையின் கணக்கு

குடும்ப நாடகத்துக்கு இடம் சுருக்கமானது. ஒரே கூடம், வலப்பக்கம் தெருவாசல், இடப்பக்கம் அடுப்படி, பின்னால் அறைக்குச் செல்லும் ஒரு கதவு. கதவு உண்மையில் ஒரு சேலைத் திரையாகக்கூட இருக்கலாம். காட்சிக்குக் காட்சி அரங்கை மாற்றப் பணமும் ஆளும் இல்லாததால் வந்த ஏற்பாடுதான் இது. ஆனால் அந்த ஏழ்மையிலிருந்து ஒரு கலையே வளர்ந்தது. வெளியுலகத்தில் நடப்பது எதுவாக இருந்தாலும் அது ஒரு மனிதரின் வடிவத்தில் வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். கடன் கொடுத்தவர் வருவார், தபால்காரர் வருவார், கல்யாணத் தரகர் வருவார். யாராவது ஒருவருக்குத் தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவரை அடுப்படிக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு வருகைக்கும் ஒவ்வொரு போக்குக்கும் பொருள் உண்டு. மருமகள் காப்பி கொண்டுவரப் போகிறாள் என்றால், அவள் கேட்கக்கூடாத ஒன்று இப்போது பேசப்படப் போகிறது என்று பார்வையாளர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். காலம் கடப்பதற்கு வேறு வழி. விளக்கை அணைத்து ஏற்றினால் ஆறு மாதம் போய்விடும்.

இரண்டாவது, மேடையில் இருப்பவர் எல்லாரும் எப்போதும் கண்ணில் படுகிறார்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோர மேடைகளில் ஒலிவாங்கி பந்தலின் குறுக்குக் கழியிலிருந்து தொங்கும். கச்சான் காற்று எழும் மாதங்களில் மைக்குக்கு நேர் கீழே வந்து பேசாவிட்டால் சொன்னது கடலுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் பேச வேண்டியவர் மைக்கடிக்கு வருவார், பேசி முடித்தவர் ஓரமாக ஒதுங்குவார். ஒதுங்கினாலும் அவர் மறைந்துவிடுவதில்லை. தன்னைப் பற்றி அடுத்தவர் சொல்வதைக் கேட்டபடி, முழு வெளிச்சத்தில், ஐந்நூறு பேர் கண்முன் அவர் நின்றாக வேண்டும்.

இதை நான் அறிந்துகொண்டது பக்கவாட்டிலிருந்து. பதினான்கு வயதில் எங்கள் ஊர் நாடகத்துக்கு நான்தான் பிராம்ப்டர். படுதாவுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து அடுத்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. முன்னால் இருந்தவர்கள் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகும், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகங்களும். ஒரு முறை, மகனின் துரோகத்தைக் கேட்டு உறைந்து நிற்க வேண்டிய அம்மா, அதாவது அம்மா வேடம் போட்டிருந்த எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், தன் முறை இன்னும் வரவில்லை என்ற நினைப்பில் முழங்கையில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்துவிட்டார். கூட்டம் முழுவதும் சிரித்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்த மூத்த மகனுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. பேசாதவரை யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்த எங்களுக்கு, எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஓர் உதாரணக் குடும்பம்

விளக்கத்துக்காக ஒரு நாடகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காலம் 1990-களின் நடுப்பகுதி. இடம் தங்கச்சிமடத்தை ஒத்த ஒரு கரையூர். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு இருக்கிறது. மூத்த மகன் அதில் கடலுக்குப் போகிறான். இளையவன் சவூதியில் மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டு, முதலாளியிடம் முக்கால்வாசிச் சம்பளத்தை இழந்து திரும்பி வந்திருக்கிறான். அவனை அனுப்புவதற்காக வைத்த அடகு இன்னும் மீட்கப்படவில்லை. மூத்தவனின் மனைவி வீட்டுக் கணக்கையெல்லாம் மனத்தில் வைத்திருப்பவள். அம்மா நாடகம் முழுவதும் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் முடைந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு மொத்தமே பதினைந்து வரி வசனம்தான் இருக்கும்.

இறுதிக் காட்சியில் மூத்தவன் கேட்கிறான்: "கரையில படகக் காணோமே, யாரு தள்ளிட்டுப் போனது?" அப்பா சுற்றி வளைத்து எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் சொல்கிறார்: "குடுத்துட்டேன்டா. கடனுக்கு ஈடாக் குடுத்துட்டேன்."

மேடையில் இந்த வரி விழும்போது ஐந்து பேர் கண்ணில் படுகிறார்கள். மூத்தவன் சுவரில் கை வைத்துக்கொள்கிறான். இளையவன் தலை குனிகிறான், தன்னால்தான் இந்தக் கடன் என்பதால். மருமகள் மாமனாரைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்க்கிறாள். ஓரத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்த கை நிற்கிறது. இந்த நான்கில் எதைப் பார்ப்பது என்று மேடை யாருக்கும் ஆணையிடுவதில்லை. மருமகளாக வாழ்ந்து பழகிய பெண் ஒருத்தி மருமகளைப் பார்ப்பாள். இரண்டாவது மகனாகப் பிறந்தவன் இளையவனைப் பார்ப்பான். அம்மாவின் கையைக் கவனித்தவர்கள் சிலரே இருப்பார்கள், அதுவும் முன்வரிசையில். ஆனால் கவனித்தவர்கள் மறுநாள் காலை டீக்கடையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், தாங்களே கண்டுபிடித்த ஒரு பொருளைக் காட்டுவதுபோல.

திரையில் இந்தச் சுதந்திரம் இல்லை. கேமரா ஒரு நேரத்தில் ஒரு சட்டகத்தை, அதாவது திரையின் நான்கு விளிம்புகளுக்குள் அடங்குவதை, மட்டும்தான் காட்ட முடியும். சட்டகத்துக்கு வெளியே இருப்பவர் பார்வையாளரைப் பொறுத்தவரை அந்தக் கணத்தில் வீட்டிலேயே இல்லை. புதியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. யார் பேசுகிறாரோ அவர் முகத்துக்குக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அப்பா பேசினால் அப்பா, மகன் பேசினால் மகன். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஏதோ பந்தாட்டம் பார்ப்பதுபோல் இருக்கும், ஐந்து பேர் இருந்த குடும்பம் எப்போதும் ஒரே ஒருவர் இருக்கும் வீடாக ஆகிவிடும். குடும்பம் என்பது ஒருவர் பேசும்போது மற்ற நால்வர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மேடை அதை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. திரைக்கதை எழுதுபவர் அதை ஷாட் ஷாட்டாக, அதாவது கேமரா வெட்டில்லாமல் எடுக்கும் ஒவ்வொரு துண்டாக, விலை கொடுத்து வாங்க வேண்டும்.

அவருக்கு முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கேட்பவரின் முகத்தைத் தனியாகக் காட்டுவது; ரியாக்‌ஷன் ஷாட் என்று படப்பிடிப்புத் தளத்தில் சொல்வார்கள். அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருக்க, திரையில் மருமகளின் முகம். இரண்டாவது, மேடையைப்போலவே எல்லாரையும் ஒரே அகன்ற சட்டகத்தில் வைத்து, வெட்டாமல் நீண்ட நேரம் நிறுத்துவது. இதில் பார்வையாளரின் கண்ணுக்கு ஓரளவு சுதந்திரம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் முகங்கள் சிறியவையாகிவிடும். மூன்றாவது, ஆழம். ஒருவரைக் கேமராவுக்கு மிக அருகிலும் மற்றொருவரைத் தொலைவிலும் நிறுத்தி, பேசுகிறவர் பின்னால் இருக்க, கேட்பவர் முன்னால் இருக்கும்படி அமைப்பது. மேடையில் இது இயலாத காரியம். அங்கே எல்லாரும் பார்வையாளரிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில்தான் இருக்கிறார்கள்.

ஓலை முடையும் கையை மிக நெருக்கமான குளோசப்பில் காட்டினால் என்ன ஆகும்? எல்லாருக்கும் தெரிந்துவிடும், கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். அது லாபம். ஆனால் நானே கண்டுபிடித்தேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது, இயக்குநர் விரலை நீட்டிக் காட்டிவிட்டார். அந்த இழப்பும் உண்டு. திரைத்தழுவலில் எடுக்கப்படும் ஏறத்தாழ எல்லா முடிவுகளும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள்தான் வருகின்றன.

கடலைக் காட்டலாமா?

நாடகத்தைப் படமாக்கும் எவருக்கும் முதலில் வரும் ஆசை வீட்டைவிட்டு வெளியே போவதுதான். மேடையில் காட்ட முடியாததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும். அதிலும் எங்கள் கரையில் படமெடுக்க வருகிறவர்கள் பாம்பன் பாலத்தைக் காட்டாமல் முதல் ஷாட்டை வைப்பதே இல்லை என்பது எங்களுக்குள் ஒரு கேலி. நம்முடைய உதாரண நாடகத்தில் கடல் ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை. மூத்தவனின் ஈரக் கால்சட்டையிலும், வாசலில் சாத்தப்பட்ட துடுப்பிலும், "வாடை எழும்பிருச்சு, இன்னைக்கு யாரும் போகல" என்ற வாக்கியத்திலும்தான் கடல் இருக்கிறது. படம் எடுப்பவர் மூத்தவனோடு கடலுக்குப் போய் வலை இழுப்பதைக் காட்டினால் அழகாக இருக்கும். ஆனால் அப்பா கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்ட அந்தப் படகைப் பார்வையாளர் எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒருமுறையாவது பார்த்திருந்தால் இழப்பு கனக்கும். பத்து முறை பார்த்துவிட்டால் படம் படகைப் பற்றியதாகிவிடும், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியதாக இருக்காது.

இதைவிடச் சிக்கலானது, மேடையில் ஒருவர் வாயால் சொல்லும் பழைய கதை. நம் நாடகத்தில் அப்பா ஒரு கதை சொல்கிறார். 1964 டிசம்பர் 22 அன்று இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அவர் பத்து வயதுச் சிறுவன். அங்கே இருந்த தாய்மாமன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர், விடிந்தபோது மணல்மேட்டில் தனியாக நின்றதை விவரிக்கிறார். மேடையில் இது நான்கு நிமிடப் பேச்சு. திரைக்கதை எழுத உட்காரும் எவரும் இந்த இடத்தில் 'ஃப்ளாஷ்பேக்' என்று எழுதிவிடுவார்கள். புயல், அலை, இருட்டு, பயணிகளோடு கடலில் போன ரயில். இதைவிடத் திரைக்கு ஏற்ற பொருள் வேறு என்ன வேண்டும்?

ஆனால் நாடகத்தில் அந்தக் கதை எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். "படகு எங்கே?" என்று மகன் கேட்ட பிறகு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காக அப்பா சொல்லும் கதை அது. நான்கு நிமிடமும் மகன் நின்றுகொண்டே இருக்கிறான். இரக்கப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் நிற்கிறான். இதே கதையை நூறு தடவை கேட்டவளாகிய அம்மா, இந்த முறை அது ஏன் சொல்லப்படுகிறது என்பதை எல்லாருக்கும் முன்பே ஊகித்துவிடுகிறாள். கதை என்பது இங்கே ஒரு செயல். ஒருவர் மற்றவரைத் தடுத்து நிறுத்தும் செயல். புயலைக் காட்டினால் பார்வையாளர் புயலுக்குள் போய்விடுவார், கேள்வியை மறந்துவிடுவார், மகனையும் மறந்துவிடுவார். திரும்பிக் கூடத்துக்கு வரும்போது சூடு ஆறியிருக்கும். எனவே பேச்சாகவே விட்டுவிட்டு, சொல்கிற முகத்துக்கும் கேட்கிற முகங்களுக்கும் இடையே கேமராவை வைப்பதே இந்த இடத்தில் சரி என்பேன். மற்ற நாடகங்களில் வேறு மாதிரி இருக்கலாம். சொல்லப்படும் கதை வெறும் தகவலாக இருந்து, சொல்பவருக்கு வேறு நோக்கம் இல்லாவிட்டால், தாராளமாகக் காட்டிவிடலாம்.

கேட்க மட்டும் செய்து, காணாமல் விடுவதன் வலிமைக்கு நமக்கு நன்கு தெரிந்த சான்று கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968). பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீட்டில், மாடிப்படிக்கு அடியில் தங்கிப் படிக்கும் மாதுவின் கதை அது. பாலசந்தர் தாமே எழுதி மேடையேற்றிய நாடகத்திலிருந்து தாமே எடுத்த படம். அந்த வீட்டில் இருமல் தாத்தா என்று ஒருவர் இருக்கிறார். அவர் இருமல் கேட்கும். அவரை ஒருபோதும் பார்க்க மாட்டோம். கேமராவால் எந்த நிமிடமும் அந்த அறைக்குள் நுழைந்திருக்க முடியும். நுழையாமல் விட்டதால்தான் அவர் இன்றுவரை நினைவில் இருக்கிறார்.

அயல்நாட்டிலிருந்து இரண்டு உதாரணங்கள் போதும். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் 1959இல் நியூயார்க் பிராட்வேயில் மேடையேறி, அவருடைய திரைக்கதையிலேயே 1961இல் படமானது. சிகாகோவில் ஒரு நெருக்கடியான குடியிருப்பில் வாழும் கறுப்பினக் குடும்பம், இறந்துபோன தந்தையின் 10,000 டாலர் காப்பீட்டுப் பணத்தை என்ன செய்வது என்று மோதிக்கொள்கிறது. படம் சில இடங்களுக்கு வெளியே போய்வந்தாலும் பெரும்பகுதி அந்தக் கூடத்திலேயே நடக்கிறது. காரணம் எளியது, அந்த வீடு போதவில்லை என்பதுதான் கதையே. அடிக்கடி வெளியே காற்று வாங்கப் போனால், பார்வையாளருக்கு மூச்சு முட்டாது, புது வீடு வேண்டும் என்ற தாயின் ஏக்கமும் புரியாது. இன்னொன்று குடும்பக் கதை அல்ல, ஆனால் ஓர் அறைக்குள் படமெடுப்பதற்கான பாலபாடம்: சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்கிரி மென்' (1957). தொலைக்காட்சி நாடகமாக இருந்து படமான அக்கதையில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் ஏறத்தாழ முழு நேரமும் ஒரே அறையில் இருக்கிறார்கள். லூமெட் கேமராவை முதலில் கண்மட்டத்துக்கு மேலும், பிறகு கண்மட்டத்திலும், இறுதியில் அதற்குக் கீழும் வைத்தார். போகப்போக, பின்னால் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் நீண்ட குவியத்தூர லென்ஸ்களுக்கு மாறினார். சுவர்கள் நெருங்கி வருவதுபோலவும், கூரை தலைமேல் இறங்குவதுபோலவும் தோன்றும்படி செய்ய அவர் ஒரு செங்கல்லையும் நகர்த்தவில்லை.

இடத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் மேடையில் நடித்து, 1959இல் படமாகவும் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' குடும்ப நாடகம் அல்ல. ஆனால் அதில் வரும் ஜாக்சன் சந்திப்பு வரலாற்றில் 1798இல் நடந்த இடம் எங்கள் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம். பள்ளியில் படிக்கும்போது எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். பழைய சுவரோவியங்கள் நிறைந்த, அமைதியான, திரையில் பார்த்ததோடு எந்தத் தொடர்பும் இல்லாத மண்டபம். கூட வந்த பையன்களில் பாதிப் பேர் ஏமாந்துபோனார்கள். அந்த வசனத்துக்கு உரிய இடம் அந்த வசனத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. மேடையில் இடம் என்பது பெரும்பாலும் பேச்சால் எழுப்பப்படுவது. அதனால்தான், உண்மையான இடத்தைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டால் நாடகம் தானாகவே சினிமாவாகிவிடும் என்ற நம்பிக்கை பல சமயம் பொய்த்துப்போகிறது.

பேச்சை என்ன செய்வது?

"நாடகம் மாதிரி இருக்கிறது" என்பது நம்மிடையே ஒரு படத்தைக் குறைசொல்லும் வாக்கியமாகிவிட்டது. நிறையப் பேசுகிறார்கள் என்பதே அதன் பொருள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் மனிதர்கள் நிறையத்தான் பேசுகிறார்கள்; பங்குப் பிரச்சினை வந்த வீட்டில் மௌனமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நான் சினிமாவில் மட்டுமே கண்டிருக்கிறேன். குறைக்க வேண்டிய பேச்சு எது என்று பிரித்தறிவதுதான் வேலை.

மேடையில் வசனத்துக்குச் சில கூடுதல் சுமைகள் உண்டு. வெளியே நடந்ததைத் தெரிவிப்பது, நேரத்தையும் இடத்தையும் சொல்வது, கடைசி வரிசையில் இருப்பவருக்கு முகம் தெரியாததால் உணர்ச்சியையும் வாயால் சொல்லிவிடுவது ஆகியவை அவை. "எனக்கு நெஞ்சே வெடிச்சிரும்போல இருக்கு அத்தை" என்று மருமகள் மேடையில் சொல்லியாக வேண்டும். திரையில் அவள் முகம் இருபது அடி உயரத்தில் இருக்கிறது. அந்த வரி தேவையில்லை. இவ்வகை வரிகளைத் தயங்காமல் நீக்கலாம். ஆனால் ஒருவர் மற்றவரைக் குத்த, கெஞ்ச, மறைக்க, மடக்கப் பேசும் வரிகளை நீக்கினால் நாடகத்தின் எலும்பே போய்விடும். பாலசந்தரும் விசுவும் மேடையிலிருந்து கொண்டுவந்தது இந்த இரண்டாம் வகைப் பேச்சைத்தான். விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் பேச்சு முற்றி, வீட்டின் நடுவே ஒரு கோடு விழுகிறது. மேடைக்காரரின் மூளையில் உதிக்கும் உத்தி அது. சுவர் எழுப்பச் செலவில்லாத இடத்தில் ஒரு சாக்கட்டி போதும். திரையில் அது இன்னும் நன்றாகவே வேலை செய்தது, ஏனென்றால் கோட்டைப் பார்த்த பிறகு ஒவ்வொரு ஷாட்டிலும் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நம் கண் தானாகத் தேடத் தொடங்கிவிடுகிறது.

நடிப்பும் இதோடு சேர்ந்தது. சுந்தரம் எழுதி சிவாஜி நாடக மன்றம் நடத்திய 'வியட்நாம் வீடு' 1970இல் படமானபோது, மேடையில் தாம் ஏற்ற 'பிரெஸ்டீஜ்' பத்மநாபனாகவே சிவாஜி கணேசன் திரையிலும் நடித்தார். மேடைக்கான அளவு திரைக்கு மிகை என்று அதைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலிருப்பதுபோலவே நடந்துகொண்ட ஒரு மனிதர் ஓய்வுபெற்ற பின் அந்தத் தோரணை செல்லாக்காசாகும் கதையில், அந்தப் பெரிய அளவு பாத்திரத்துக்கே உரியது என்பது என் கருத்து. மேடைக் குரலைத் தணிப்பது பொது விதி. எந்தப் பாத்திரத்துக்குத் தணிக்கக்கூடாது என்று அறிவது இயக்குநரின் காது. நம் கரையூர் நாடகத்தில் அப்பாவுக்கு அந்த உரத்த குரல் பொருந்தும், காற்றில் கத்திப் பேசிப் பழகியவர். மருமகளுக்குப் பொருந்தாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்ப் பேசும்படங்களின் தொடக்கக் காலத்தில் மேடை அப்படியே திரைக்கு வந்தது. 1934இல் வெளியான 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ 50 பாடல்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திய 'மேனகா' 1935இல் படமாகி, புராணத்தைவிட்டுச் சமகால வீட்டுக்குள் கேமராவைக் கொண்டுவந்தது. 1950-களின் தொடக்கத்தில் 'பராசக்தி' (1952), 'ரத்தக்கண்ணீர்' (1954) ஆகிய மேடைக் கதைகள் வசனத்தின் வலிமையில் வென்றன. 1960-களில் சபா நாடகங்களின் வரிசை வந்தது. பட்டு என்பவர் எழுதிய 'பெற்றால்தான் பிள்ளையா' நாடகம் பீம்சிங்கின் இயக்கத்தில் 'பார் மகளே பார்' (1963) ஆனது. 'நீர்க்குமிழி' (1965) பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது.

எழுதிப் பார்க்க

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஏதாவது ஒரு குடும்ப நாடகத்தின் இரண்டு பக்கங்களை எடுத்துக்கொண்டு, தாளை நடுவே மடித்து, இடப்பக்கத்தில் யார் பேசுகிறார் என்றும் வலப்பக்கத்தில் அந்த நேரத்தில் மேடையில் பேசாமல் இருப்பவர்கள் யார் யார், அவர்கள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்றும் எழுதுங்கள். நாடகப் பிரதியில் வலப்பக்கத்துக்கு உரியது எதுவும் அச்சிடப்பட்டிருக்காது. அதை நீங்களே நிரப்ப வேண்டியிருக்கும். நிரப்பிய பிறகு இடப்பக்கத்தை மூடிவைத்துவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் கொண்டு அந்தக் காட்சியை ஷாட்களாகப் பிரித்துப் பாருங்கள். கதை புரிகிறதென்றால் பாதி வேலை முடிந்தது. எங்கே புரியவில்லையோ அங்கே மட்டும் பேசுகிறவரின் முகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் இறுதிக் காட்சியை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது இது. கேமரா தரையோடு தரையாக, அம்மாவின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அருகில் அவள் கையும் பாதி முடைந்த கொட்டானும். ஓலை ஒன்றன் கீழ் ஒன்றாக நுழைந்து இழுபடும் சரசரப்பு. தொலைவில், சற்று மங்கலாக, அப்பாவும் மூத்தவனும் நிற்கிறார்கள். இளையவன் தூணோரம், மருமகள் அடுப்படி வாசலில். அப்பா புயல் கதை சொல்லும் நான்கு நிமிடமும் ஷாட் வெட்டப்படவில்லை, ஓலைச் சத்தம் பேச்சுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. மேடையில் இந்தச் சத்தத்தை எந்த மைக்கும் பிடித்ததில்லை. முன்வரிசைக்குக்கூட அது கேட்டிருக்காது. "விடிஞ்சு பார்த்தா நான் மட்டும் நிக்கிறேன்" என்று அவர் சொல்லி முடிக்கும்போது சத்தம் நின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் "குடுத்துட்டேன்டா" என்ற வரி வருகிறது. அந்த வரியைக் கேட்டு மூத்தவன் திரும்பிப் பார்க்கிறான், ஆனால் அப்பாவை அல்ல. இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் எப்போது நின்றது என்று தேடுபவனைப்போல, கேமராவை நோக்கி, அம்மா இருக்கும் பக்கம் பார்க்கிறான்.